தாத்தாவின் துப்பாக்கியை யாரிடம் கொடுப்பது?

2023 ஜூலை 26 அன்று வளையமாதேவி வயல்களில் பொக்லைன்கள் இறங்கின. என்.எல்.சி. சுரங்கத்துக்கான கால்வாய்க்காக, விளைந்துகொண்டிருந்த நெல்லை மண்ணோடு புரட்டிப் போட்டதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த நிலத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. சுரங்கத்துக்காக வீட்டையும் காலி செய்கிற குடும்பங்களுக்கு வேறொரு சின்னச் சிக்கலும் வரக்கூடும். பரணை ஒழிக்கும்போது பழைய பத்திரங்கள், பித்தளை அண்டா இவற்றோடு, எங்கோ ஒரு வீட்டில் சாக்கில் சுற்றிய துப்பாக்கியும் கைக்கு வரும்.

கள்ளத் துப்பாக்கி அல்ல, தாத்தா முறையாக லைசென்ஸ் வாங்கியதுதான். பயிரைக் காக்க நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே இடம் கொடுக்கிறது. குழல் வாய் வழியாகக் கரிமருந்தும் ஈயக்குண்டும் போட்டு, கம்பியால் இடித்து, கேப்பு வைத்துச் சுடும் ரகம். முதல் குண்டு தவறினால், அடுத்ததை இடித்து முடிப்பதற்குள் பன்றி பக்கத்து ஊர் எல்லையில் இருக்கும். இன்று அந்தப் பன்றியைச் சுடுவதற்கும் துப்பாக்கி லைசென்ஸ் மட்டும் போதாது. காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபோதுகூட, சுடும் பொறுப்பு வனத்துறைக்குத்தான் தரப்பட்டது.

தாத்தா இறந்துவிட்டார். அவரோடு லைசென்சும் முடிந்தது. பேரன் என்ன செய்ய வேண்டும்? சட்டத்தின் 21ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கினால் திரும்பப் பெறலாம். வேண்டாமென்றால் விற்கச் சொல்லிவிடலாம். கெடுவுக்குள் இரண்டும் நடக்கவில்லை என்றால் அது அரசுக்குப் போய்விடும்.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பரணிலிருந்து கடைவரை அதை யார் தூக்கிக்கொண்டு போவது? லைசென்ஸ் இல்லாத ஒருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லச் சட்டம் ஒரு சிறு சலுகை வைத்திருக்கிறது. லைசென்ஸ்காரர் கூடவே வர வேண்டும், அல்லது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதுவும் பழுது பார்ப்பது, லைசென்ஸ் புதுப்பிப்பது, அவருடைய உபயோகம் ஆகிய மூன்றுக்கு மட்டும். விற்பனை இந்தப் பட்டியலில் இல்லை. இறந்தவர் எழுதிக் கொடுக்கவும் போவதில்லை. பேரன் அதைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறி, வழியில் சோதனையில் சிக்கினால், ‘கடைக்குத்தான் கொண்டுபோகிறேன்’ என்ற பதில் அவரைக் காப்பாற்றும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு சிறை. தண்டனை 2019 திருத்தத்தில்தான் இந்த அளவுக்குக் கூடியது. ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை 2 ஆகக் குறைத்ததும் அதே திருத்தம்தான்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ஒரு தனி ஆள் தன் வேட்டைத் துப்பாக்கியைப் பெட்டியில் கட்டி, உரிமம் பெற்ற வியாபாரிக்குத் தபாலிலேயே அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. கைத்துப்பாக்கிக்கு மட்டும் 1927லேயே தபால் தடை வந்தது. அந்த நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, இங்கே கூரியர் கடை வாசலில் போய் நிற்க வேண்டாம்.

உயிரோடு இருப்பவர் விற்க நினைத்தாலும் அவசரப்பட முடியாது. வாங்குபவரின் பெயர், முகவரியை மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் கொடுத்துவிட்டு, 45 நாள் கழியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆட்சேபம் எழுப்ப அரசுக்கு நேரம் கிடைக்கிறது. நியாயமான ஏற்பாடு.

தேர்தல் காலத்தில் துப்பாக்கியை ஒப்படைப்பது லைசென்ஸ்காரர்களுக்குப் பழகிய வேலை. 2024இல் தமிழ்நாட்டில் ஓட்டுப்போட்டது ஏப்ரல் 19. எண்ணியது ஜூன் 4. இடைப்பட்ட நாளெல்லாம் ஒப்படைத்த துப்பாக்கிகள் முடங்கிக் கிடந்தன. அப்போது ரசீது வாங்கத் தெரிந்த குடும்பத்துக்கு, அப்பா போனபிறகு அதே நிலையத்துக்குப் போகத் தயக்கம் வந்துவிடுகிறது. போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிப்பானேன் என்று துப்பாக்கி மறுபடி பரணுக்கே ஏறுகிறது. இதை மக்களின் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நிலம் எடுப்புக்கு வீடு தேடி நோட்டீஸ் கொடுக்கத் தெரிந்த நிர்வாகம், லைசென்ஸ்காரர் இறந்தால் வாரிசுக்கும் ஒரு கடிதம் போடலாம். பெயரும் முகவரியும் அதன் கணக்கிலேயே இருக்கின்றன.

எளிய வழி ஒன்று இருக்கிறது. அது தாத்தா உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை அவர் 25 ஆண்டு வைத்திருந்தாலோ, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது, அவர் சொல்லும் வாரிசுக்கு லைசென்ஸ் கேட்கலாம்.

அந்த வாய்ப்பும் கடந்துவிட்டது என்றால், துப்பாக்கியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் மட்டும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போங்கள். எழுதிக் கொடுத்து, எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களையே கேளுங்கள். ஒப்படைத்ததும் ரசீது வாங்குங்கள். குழலில் பொறித்த எண்ணும் ரசீதில் எழுதிய எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே சரிபாருங்கள்.