நிறைக்குக் கீழே நிற்கும் உயரம்

இலங்கையின் கொஸ்லந்தயைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் இரண்டு பெண்கள் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்கு முதன்முதலாக வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தராசு இருவருக்கும் 48 கிலோ காட்டுகிறது. ஒருவரின் உயரம் 145 சென்ரிமீற்றர், மற்றவருடையது 165. நிறையை மீற்றரிலுள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் முதலாமவருக்கு 22.8 வரும், இரண்டாமவருக்கு 17.6. இந்த விடைதான் உடற்திணிவுச் சுட்டி. பேச்சு வழக்கில் பி.எம்.ஐ. இது 18.5க்குக் குறைந்தால் நிறை போதாது, 25 ஆனால் நிறை அதிகம், 30 ஆனால் உடற்பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொது வகுப்பு. தராசுக்குச் சமமான இருவரில் ஒருவர் நல்ல நிலையில் இருக்கிறார், மற்றவர் மெலிந்திருக்கிறார்.

ஏன் இருமுறை வகுக்கிறோம்? பழைய தேயிலைப் பெட்டியொன்றின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் அதில் எட்டு மடங்கு தூள் கொள்ளும். மனித உடலும் அப்படி எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெருத்தால் மூன்று முறை வகுத்திருக்க வேண்டும். பெல்ஜியத்தின் வானியலாளரும் புள்ளியியலாளருமான அடொல்ஃப் கெட்லே, 1830களில் வளர்ந்தவர்களின் அளவுகளை ஒப்பிட்டு, நிறை உயரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது என்று கண்டார். நெட்டையானவர்கள் தங்கள் உயரத்துக்கு ஈடாக அகலமாவதில்லை. கெட்லே தேடியது சராசரி மனிதனை, நோயை அல்ல. 1972இல் அமெரிக்க உடலியலாளர் அன்செல் கீஸும் குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் அதிகமான ஆண்களின் அளவுகளில் இந்தச் சூத்திரத்தைச் சோதித்து, இன்றைய பெயரைச் சூட்டினார்கள். அந்தச் சோதனையில் பெண்கள் சேர்க்கப்படவில்லை.

இந்தக் கணக்கில் நிறை மேலே நிற்கிறது. உயரம் அதன் கீழே நின்று வகுக்கிறது. நிறை ஏறும், இறங்கும். உயரம் மட்டும் பிறவியிலேயே வாய்த்தது என்று நினைத்துக்கொள்கிறோம். தோட்டப்புறத்தில் இந்த எண்ணம் பெரும் பிழையாகிவிடும். இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 வீதம்; தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். பரம்பரையின் மேல் பழியைப் போட்டு இதை ஒதுக்கிவிட முடியாது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பாலும் நல்ல உணவும் சுகாதாரமான வீடும் வாய்த்த பிள்ளைகளை உலக சுகாதார நிறுவனம் அளந்தது. ஐந்து வயது வரை அவர்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி வளர்ந்தார்கள். 2006இல் வெளியான வளர்ச்சி வரைபடங்களுக்கு அடிப்படை அதுதான்.

குழந்தைப் பருவத்தில் கால்கள் வேகமாக நீள்கின்றன. அந்த நேரத்தில் உணவு போதாமல், வயிற்றோட்டமும் சளிக்காய்ச்சலும் மாறி மாறி வந்தால் நடுவுடம்பை விடக் கால்களே அதிகம் குறுகிப்போகும். பாரம் கூடிய பகுதி நடுவுடம்பு என்பதால், குட்டையான கால்கள் உள்ளவருக்குச் சுட்டி சற்றுக் கூடுதலாகவே வரும். சிறுவயதில் பட்ட பசி இப்படி வளர்ந்த பிறகு "சரியான நிறை" என்ற விடைக்குள் ஒளிந்துகொள்ளலாம். 22.8 என்ற விடையில் அந்தப் பெண்ணின் இன்றைய உணவு தெரிகிறது; வாழ்வின் முதல் ஆயிரம் நாட்களில் அவளுக்குக் கிடைக்காமற்போனது தெரிவதில்லை. 145 சென்ரிமீற்றரைத் தனியே பார்த்தால்தான் அது தெரியும். அதனால்தான் பிரசவத்துக்கு அவ்வளவு உயரம் போதுமா என்று மருத்துவமாது தனியாகக் கவனிக்கிறார்.

தெற்காசிய உடலில் இன்னொரு வியப்பும் உண்டு. புனே அருகிலுள்ள கிராமங்களில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் குழு பிறந்த குழந்தைகளை அளந்தது. சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌத்ஹாம்டன் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. இந்தியக் குழந்தைகளிடம் தசை மிகவும் குறைந்திருந்தது. கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. 2004இல் யாஜ்னிக் தம்மையே ஆங்கிலேய நண்பர் ஜோன் யட்கினோடு ஒப்பிட்டு எழுதினார். இருவருக்கும் சுட்டி 22.3. யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கிடம் 21.2 வீதம்.

நம்மவர்களுக்கு நீரிழிவும் இதய நோயும் மெலிந்த உடலிலும் வருவதை விளங்கிக்கொள்ள இது உதவுகிறது. உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் 2004இல், ஆசிய மக்கள் 23இலிருந்தே விழிப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். அதன்படி 150 சென்ரிமீற்றர் உயரமுள்ளவருக்கு ஏற்ற நிறை 42 முதல் 51 கிலோ. 160 என்றால் 48 முதல் 58. 170 என்றால் 54 முதல் 66. இடுப்பைச் சுற்றியும் ஒரு நாடா பிடிக்க வேண்டும். பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 சென்ரிமீற்றரைத் தாண்டினால் சீனியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. நாள் முழுக்க மலை ஏறிக் கொழுந்து பறித்தவர் வேலையை விட்டு வீட்டிலிருக்கும்போது, கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் வயிற்றில் கொழுப்பு சேரத் தொடங்கும். சிறு பிள்ளைகளுக்கு இந்த எல்லைகள் பொருந்தா; அவர்களுக்கு வயதோடு ஒப்பிடும் வளர்ச்சி அட்டை இருக்கிறது. கர்ப்பிணிக்கு முதல் மாதங்களில் எடுத்த அளவே கணக்கு.

வளர்ந்தவரின் உயரத்தை எந்த மருந்தாலும் கூட்ட முடியாது. அவருடைய மகளின் உயரத்தைக் கூட்ட முடியும். தாய்க்கு முட்டை, பருப்பு, கீரை, நெத்தலிக் கருவாடு. கிளினிக்கில் தரும் திரிபோஷ சத்துமா வீட்டில் எல்லோருக்கும் பங்கிடப்படாமல் அவளுக்கே சேர்வது. இரத்தச் சோகைக்கான இரும்பு மாத்திரையை இடையில் விடாமல் எடுப்பது. லயத்துக்குச் சுத்தமான தண்ணீரும் மலசலகூடமும். பிள்ளை மடுவத்தில் சத்தான ஒரு வேளைச் சாப்பாடு. இத்தனையும் ஒரு குழந்தையின் கால் எலும்பில் சேரும். நிறுவைக்கு வருகிற ஒவ்வொரு தாயும் பிள்ளையின் நிறையோடு நிறுத்தாமல், "உயரம் எவ்வளவு, வயதுக்குச் சரியா?" என்று கேட்க வேண்டும். சரியில்லை என்றால் அந்தப் பதிலைத் தோட்ட நிர்வாகமும் அரசும் கேட்கும்படி செய்ய வேண்டும்.