தைராய்டுக்கு ஏன் பட்டினி?

ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கடல்மீனை விரும்பிச் சாப்பிடும் புதுக்கோட்டை மாவட்ட மாணவர்களே! அம்மீனிலும் அயோடின் கலந்த உப்பிலும் உள்ள அயோடினை நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி ஈர்த்துக்கொள்கிறது. இந்த இயல்பே தைராய்டு புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவுகிறது.

அறுவைக்குப் பின் எஞ்சிய தைராய்டு செல்களை அழிக்க அயோடின்-131 தருகிறார்கள். மும்பை டிராம்பே அணு உலையில் இது உருவாக்கப்படுகிறது. சிகிச்சைக்கு முன் ஓரிரு வாரங்கள் கடல்மீனும் அயோடின் உப்பும் விலக்கு. பட்டினி கிடந்த செல்கள் கதிரியக்க அயோடினை ஆவலுடன் உறிஞ்சும். அதன் பீட்டாக் கதிர்கள் ஓரிரு மில்லிமீட்டரே சென்று, அச்செல்களை அழிக்கும்.

காமாக் கதிர்களோ உடலைத் தாண்டி வெளியே வரும். ஆகவேதான் மருத்துவமனையில் தனியறை; வீட்டிலும் சில நாள் குழந்தைகளை விட்டு விலகல். கதிரியக்கம் 8 நாளில் பாதியாகும். நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் வழியே இன்னும் விரைவாகக் குறையும்.

சிகிச்சை முடிந்து வந்த அத்தை உங்களைத் தள்ளி நிற்கச் சொன்னால் வருந்தாதீர்கள். அது உங்கள்மேல் உள்ள அக்கறை!