பணிமனைக்குள் நுழையும் முன்: மோட்டார் வாகனப் பழகுநர் பயிற்சியும் நம் வகுப்பறையும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் நெய்வேலிப் பகுதிப் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐ.டி.ஐ.யில சேத்துவிட்டா என்.எல்.சி.யில அப்ரண்டிஸ் கிடைக்குமா டீச்சர்?" 1956இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைச் சுற்றியே இந்த நகரியம் வளர்ந்தது என்பதால் கேள்வி இயல்பானதுதான். மோட்டார் வாகன மெக்கானிக், டீசல் மெக்கானிக், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் எனப் பல தொழிற்பிரிவுகளில் அந்நிறுவனம் பழகுநர்களை எடுக்கிறது. சுரங்கம் என்றால் டோசர், கிரேன், லாரி, ஜீப் எல்லாம் ஓடியாக வேண்டும். பழுதுபார்க்க ஆளும் வேண்டும். வெளியே வந்தால் வடலூர், பண்ருட்டிச் சாலைகளில் லாரிப் பணிமனைகள் இருக்கின்றன. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனைகளும் இருக்கின்றன. பத்தாம் வகுப்போடு நம் கையை விட்டுப் போகும் மாணவர்களில் ஒரு பகுதியினர் கடைசியில் இந்த இடங்களில்தான் போய் நிற்கிறார்கள்.

ஆனால், "அந்த ஓராண்டில் பையன் அங்கே என்ன கற்றுக்கொள்வான்?" என்று கேட்கும் பெற்றோரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆசிரியர்களாகிய நாமும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பழகுநர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். குறைந்தபட்ச வயது 14. ஆபத்தான தொழில்களுக்கு 18. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களையும் 1986இல் வந்த திருத்தம் இதற்குள் சேர்த்துவிட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்த விதிகள் குறைந்தபட்ச மாத உதவித்தொகையாகப் பத்தாம் வகுப்பு முடித்துச் சேர்பவருக்கு 6,000 ரூபாயும், ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்கு 7,000 ரூபாயும் நிர்ணயித்தன.

பெற்றோரிடம் நாம் தெளிவாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தச் சட்டத்தின்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிர, தொழிலாளி அல்ல. ஒப்பந்தத்தில் தனியாக எழுதப்பட்டிருந்தால் ஒழிய, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஆக, ஓராண்டு முடிந்து வெளியே வரும் பையன் கையில் இருப்பவை இரண்டே இரண்டு: ஒரு சான்றிதழ், அவன் கற்ற வேலை. வேலை கற்கவில்லை என்றால் சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எங்கள் பள்ளியில் படித்த மாணவர் ஒருவர் ஐ.டி.ஐ. முடித்து, ஒரு தனியார் பணிமனையில் ஓராண்டு பழகுநராக இருந்தார். வண்டி கழுவுவது, கிரீஸ் வைப்பது, மூத்த மெக்கானிக் கேட்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது, டீ வாங்கி வருவது என்றே ஆண்டு போய்விட்டது. பிறகு வேறோர் இடத்துக்கு நேர்காணலுக்குப் போனபோது, "லோடு ஏத்துனா வண்டி இழுக்கலை. முதல்ல எதைப் பார்ப்பே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

பணிமனையின் மீது மட்டும் பழி போடுவது எளிது. இது பற்றி எனக்குத் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவரிடம் கேட்டபோது அவர் சொன்னது: "பசங்க கை நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா அளவு எடுடான்னா எடுக்கத் தெரியலை, மேனுவலைக் குடுத்தா எந்தப் பக்கம்னு தெரியலை. வண்டி நாளைக்கு ரோட்டுக்குப் போகணும். நான் எப்படி நம்பி விடுறது?" அளவெடுக்கவும் படிக்கவும் கற்றுத் தருவது யார் வேலை? நம் வேலைதான்.

முன்பு இந்தக் குறை அவ்வளவாகத் தெரியவில்லை. பழைய டீசல் எஞ்சினில் சத்தத்தைக் கேட்டு, புகையின் நிறத்தைப் பார்த்து, தொட்டுப் பார்த்தே குறையைச் சொல்லிவிடலாம். கூடவே இருந்து பார்த்தால் சில ஆண்டுகளில் பையனுக்கும் அது பழகிவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்குப் பிறகு வந்த பேருந்துகளையும் லாரிகளையும் அப்படி மட்டும் பார்த்துப் பழுது நீக்க முடியாது. டீசல் ஒரு பொதுக் குழாயில் மிக உயர்ந்த அழுத்தத்தில் தேக்கி வைக்கப்படுகிறது. வளிமண்டல அழுத்தத்தைப் போல 1,500 மடங்குக்கு மேலும் அது போகும். எந்த நொடியில், எவ்வளவு டீசலை உள்ளே விட வேண்டும் என்பதை ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. ஓட்டுநர்கள் 'ஆட் புளூ' என்று சொல்லும் திரவம் 32.5 விழுக்காடு யூரியா கலந்த நீர். அதைப் புகைக்குழாயில் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறார்கள். (வேதியியல் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.) அந்தத் திரவம் தீர்ந்துபோனாலோ தரம் கெட்டாலோ கணினியே எஞ்சின் திறனைக் குறைத்துவிடும். வண்டி இழுக்காது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் அங்கே ஒரு குறையும் இருக்காது.

இதில் உயிர்ப் பிரச்சினையும் உண்டு. பழைய எஞ்சினில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு டீசல் குழாயின் நட்டையும் சற்றுத் தளர்த்திப் பார்ப்பார்கள். எந்தக் குழாயைத் தளர்த்தினால் எஞ்சின் ஓட்டம் மாறவில்லையோ அந்த சிலிண்டரில்தான் கோளாறு. எளிய, நல்ல சோதனை. புதிய எஞ்சினில் அதையே செய்தால் ஊசி போலப் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும்; கையையே இழக்க நேரலாம். கையேட்டில் முதல் பக்கங்களிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். அது ஆங்கிலத்தில் இருக்கும். பார்த்துப் பழகிய பையன் பழைய வழக்கத்தைத்தான் செய்வான். படித்துப் பழகியவன் நிறுத்திக்கொள்வான்.

ஸ்கேனர் கருவியைச் செருகினால் குறையின் குறியீட்டு எண் வந்துவிடுமே என்று சிலர் சொல்கிறார்கள். எண் வரும். ஆனால் அது எந்த மின்சுற்றில் கோளாறு என்பதைத்தான் பெரும்பாலும் காட்டும். உணரி கெட்டதா, கம்பி அறுந்ததா, இணைப்பில் துரு ஏறியதா என்பதை மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஜெர்மனியில் 2003இல் வாகன மெக்கானிக், வாகன எலக்ட்ரீஷியன் என்ற தனித்தனிப் பழகுநர் பயிற்சிகளை ஒன்றாக இணைத்து மூன்றரை ஆண்டுப் பயிற்சியாக்கினார்கள். அங்கே பழகுநர் நிறுவனத்தில் வேலை கற்றுக்கொண்டே தொழிற்பள்ளிக்கும் போக வேண்டும். பணிமனையும் வகுப்பறையும் ஒரே காலத்தில் நடக்கின்றன. நம்மிடம் ஒன்று முடிந்து மற்றொன்று வருகிறது. அதனால் முதலில் வரும் பள்ளிக்குப் பொறுப்பு கூடுகிறது.

நம் பாடநூலிலேயே தேவையானதில் பெரும்பகுதி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் அளவீடு பாடத்தில் வெர்னியர் அளவியும் திருகு அளவியும் வருகின்றன. திருகு அளவியைப் பணிமனையில் மைக்ரோமீட்டர் என்பார்கள். கிராங்க் ஷாஃப்ட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அதில்தான் பார்ப்பார்கள். மீச்சிற்றளவைச் சூத்திரமாக எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடாமல், ஒரு பழைய பேரிங்கையோ பிஸ்டன் பின்னையோ கொடுத்து, 5 மாணவர்களைத் தனித்தனியே அளக்கச் சொல்லலாம். ஐந்து விடைகள் வரும். யாருடைய அளவு சரி, ஏன் என்ற விவாதம்தான் பாடம். சுழிப்பிழை என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் விளங்குகிறது.

பத்தாம் வகுப்பில் விசையின் திருப்புத்திறன். பேருந்துச் சக்கரத்தின் நட்டை ஏறத்தாழ 600 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கச் சொல்லும் கையேடுகள் உண்டு. நம் ஊர்ப் பணிமனைகளில் ஸ்பேனரில் நீண்ட குழாயை மாட்டி அதன் மேல் ஏறி நிற்பதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மீட்டர் நீளக் குழாயின் நுனியில் நின்றால் திருப்புத்திறன் எவ்வளவு? 60 × 9.8 × 1 = 588 நியூட்டன் மீட்டர். கிட்டத்தட்ட சரியாக வருகிறதே என்று வகுப்பே வியக்கும். அடுத்த கேள்வியை அப்போது கேட்க வேண்டும்: 80 கிலோ எடையுள்ளவர் குதித்து மிதித்தால்? போல்ட் இழுபட்டு வலுவிழக்கும்; ஓடும்போது முறிந்தால் சக்கரம் கழன்றுவிடும். டார்க் ரெஞ்ச் எதற்கு என்று நான் விளக்க வேண்டிய தேவையே இருப்பதில்லை.

மின்னியலும் அப்படித்தான். பேருந்தில் 24 வோல்ட் பேட்டரி. விளக்கு மங்கலாக எரிகிறது; விளக்கின் முனையில் 21 வோல்ட்தான் இருக்கிறது. 3 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் குறைகிறது என்றால் வழியில் 1 ஓம் தடை இருக்கிறது. அந்த 1 ஓம் பெரும்பாலும் துருப்பிடித்த எர்த் இணைப்பில் ஒளிந்திருக்கும். ஓம் விதிக் கணக்கை இந்த உருவில் கொடுத்தால், வழக்கமாகக் கடைசி வரிசையில் தலை கவிழ்ந்திருக்கும் மாணவர்கள்தான் முதலில் கை தூக்குகிறார்கள். அவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் டூவீலர் கடையில் வேலை செய்பவர்கள்.

மொழி ஆசிரியர்களின் பங்கு இதற்குக் குறைந்ததல்ல. வாகனக் கையேட்டின் ஒரு பக்கத்தை ஆங்கில வகுப்பில் படிக்கக் கொடுக்கலாம்: எச்சரிக்கைச் சொற்கள், வரிசையாக வரும் கட்டளை வாக்கியங்கள், அட்டவணை. தமிழ் வகுப்பில் பழுதுக் குறிப்பு எழுதப் பழக்கலாம். ஓட்டுநர் சொன்ன குறை என்ன, எதைச் சோதித்தோம், அளவு என்ன வந்தது, என்ன செய்தோம், பிறகு சரியானதா என்று ஐந்தாறு வரிகள் போதும். பள்ளி மிதிவண்டியின் பிரேக் கோளாறை வைத்தே தொடங்கலாம். பழகுநர்கள் தினமும் செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பலர் "பொது சர்வீஸ்" என்று ஒரே சொல்லை மாதம் முழுக்க எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். ஒழுங்காக எழுதினால், இந்த மாதம் பிரேக் வேலையே தனக்குக் கிடைக்கவில்லை என்பது அந்தப் பையனுக்கே தெரிந்துவிடும். மேலாளரிடம் கேட்கத் துணிவும் வரும்.

தொழில் மாறிக்கொண்டும் இருக்கிறது. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் இறுதியில் மின்சாரப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. மின் வாகனங்களில் ஆரஞ்சு நிறக் கேபிள் என்றால் உயர் மின்னழுத்தம். பயிற்சி பெறாதவர் தொடக்கூடாது. தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தியபோது மின்சார வாகன மெக்கானிக் பிரிவையும் கொண்டுவந்தது. மாணவிகளுக்கும் இப்பிரிவுகள் திறந்தே இருக்கின்றன. சொல்லத்தான் ஆள் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ. சேர்பவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதையும் பத்தாம் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பழகுநராகச் சேரும் மாணவர் நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தால் நான் சில விசாரணைகளைச் செய்யச் சொல்கிறேன். ஒப்பந்தம் பழகுநர் இணையதளத்தில் பதிவாகிறதா? எத்தனை மாதம் எந்தப் பிரிவில் என்ற சுழற்சி அட்டவணை இருக்கிறதா? பொறுப்பாகக் கற்றுத்தரும் மூத்தவர் யார்? பாதுகாப்புக் காலணியும் கையுறையும் தருவார்களா? உதவித்தொகை வங்கிக் கணக்கில் வருமா? இவற்றுக்குப் பதில் கிடைக்காத இடமாக இருந்தால், கையெழுத்துப் போடும் முன் மாவட்டத் திறன் பயிற்சி உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளலாம்.