ஆர்லாண்டோவில் பத்து இரவு: அறைக்குப் பணம் கட்டும் முன்

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துக்கொண்டு ஆர்லாண்டோவுக்குப் போவது பல தமிழ்க் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. சென்னை, கோவை சுற்றுலா நிறுவனங்கள் மூலம் நேரே போகிறவர்களும் உண்டு. டிஸ்னி வேர்ல்டில் மட்டும் நான்கு பெரிய பூங்காக்கள். பக்கத்தில் யுனிவர்சல், அங்கே 2025 மே மாதம் எபிக் யுனிவர்ஸ் என்ற புதிய பூங்காவும் திறந்துவிட்டது. எல்லாவற்றையும் பார்க்க ஒரு வாரம் போதாது. நுழைவுச் சீட்டில் மிச்சம் பிடிக்க அதிக வழியில்லை. செலவு கூடுவதும் குறைவதும் தங்குமிடத்தில்தான். ஏமாற்றங்கள் பெரும்பாலும் நடப்பதும் அங்கேதான்.

மலிவான இடத்தில் தங்கலாமா, நல்ல வசதியான இடத்தில் தங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியில் கைக்கு வரும் பில் எவ்வளவு? பணம் யார் கைக்குப் போகிறது? நட்சத்திரங்களையும் நீச்சல் குளப் படங்களையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

பில்லிலிருந்து தொடங்குவோம். ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்சு மாவட்டத்தில் அறை வாடகை மீது மொத்தம் 12.5 சதவீதம் வரி. கிஸ்ஸிமி இருக்கும் ஆசியோலா மாவட்டத்தில் 13.5 சதவீதம். இதற்கு மேல் பல ஹோட்டல்கள் ‘ரிசார்ட் கட்டணம்’ என்று ஒரு நாளுக்கு ஒரு தொகை வாங்குகின்றன. குளம், வைஃபை, உடற்பயிற்சிக் கூடம் எதையும் நீங்கள் தொடாவிட்டாலும் அதைக் கட்டியே ஆக வேண்டும். அதன் மீதும் வரி உண்டு. காரை நிறுத்தத் தனிக் கட்டணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியே ஒரு ஹோட்டலில் அறை 120 டாலர், ரிசார்ட் கட்டணம் 35 என்று வையுங்கள். வரியோடு 174 ஆகிறது. ஹோட்டலில் கார் நிறுத்த 20. டிஸ்னி பூங்காவில் கார் நிறுத்தச் சுமார் 30. பூங்காவுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் செலவு 225 டாலரைத் தொடுகிறது. டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் விலை குறைந்த வகையில் அறை 190 டாலருக்குக் கிடைத்தால் வரியோடு 215-ஐ ஒட்டி முடிந்துவிடும். டிஸ்னி தன் ஹோட்டல்களில் ரிசார்ட் கட்டணம் வாங்குவதில்லை. 2018-ல் கொண்டுவந்த இரவு நேர கார் நிறுத்தக் கட்டணத்தையும் 2023 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. அங்கே தங்குபவர்களுக்குப் பூங்காவிலும் கார் நிறுத்தம் இலவசம். ஆகவே 120 என்று விளம்பரத்தில் தெரிந்த அறை 190 டாலர் அறையைவிட அதிகமாகச் செலவு வைக்கலாம். பத்து நாளில் நான்கு நாள்தான் பூங்கா என்றால் கணக்கு திரும்பவும் வெளி ஹோட்டல் பக்கம் சாயும். உங்கள் திட்டத்தை வைத்து நீங்களே போட வேண்டிய கணக்கு இது.

இந்த மறைமுகக் கட்டண விஷயத்தில் சட்டம் இப்போது பயணிக்குத் துணையாக இருக்கிறது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் நடைமுறையில் உள்ளது. ஹோட்டலானாலும் வாடகை வீடானாலும், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையை விளம்பரத்திலேயே முதன்மையாகக் காட்ட வேண்டும். கடைசிப் பக்கத்தில் ரிசார்ட் கட்டணத்தைத் திடீரென்று ஏற்றினால் அது விதிமீறல். ஆனால் அரசு வரியை அந்தத் தொகையில் சேர்க்காமல் காட்டலாம். கார் நிறுத்தம் போல விருப்பத்துக்கு உட்பட்டதாகக் கருதப்படும் கட்டணமும் அதற்குள் வராது. இந்த இரண்டையும் நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். மொத்த விலை தெரியும் பக்கத்தை புக்கிங் செய்யும்போதே படம் பிடித்து வையுங்கள்.

வசதியான ஹோட்டல் என்றால் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு நிச்சயம் கிடையாது. டிஸ்னியின் கன்டெம்பரரி ஹோட்டலிலிருந்து மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு நடந்தே போகலாம். பாலினீசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன் ஹோட்டல்களுக்கு மோனோரயில் உண்டு. ஆனால் அதே உயர்ந்த வகையைச் சேர்ந்த அனிமல் கிங்டம் லாட்ஜுக்குப் பஸ்தான். மாறாக, குறைந்த விலை வகையைச் சேர்ந்த பாப் செஞ்சுரியிலிருந்து எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காக்களுக்கு ஸ்கைலைனர் என்ற கம்பிவட வண்டி 2019 முதல் ஓடுகிறது. ஆல் ஸ்டார் ஹோட்டல்கள் மூன்றுக்கும் பஸ் மட்டுமே. டிஸ்னியின் ஹோட்டல் எதில் தங்கினாலும் பூங்கா திறப்பதற்கு அரை மணி முன்னால் உள்ளே போகலாம். சில இரவுகளில் பூங்கா மூடிய பிறகும் இருக்கும் சலுகை உயர்ந்த வகைக்கு மட்டும். இரவு எட்டு மணிக்கே பிள்ளைகள் தூங்கிவிடும் குடும்பம் அந்தச் சலுகைக்காகப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

வெளி ஹோட்டல்கள் சொல்லும் ‘பூங்காவுக்கு இலவசப் பஸ்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாளுக்கு எத்தனை முறை, திரும்பும் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு, முன்கூட்டியே இடம் சொல்ல வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். மேஜிக் கிங்டமுக்குப் போகும் இந்தப் பஸ்கள் பூங்கா வாசலில் விடுவதில்லை. ஏரிக்கு இந்தப் பக்கம் உள்ள நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து மோனோரயில் அல்லது படகு. முழங்கால் வலியுள்ள பாட்டியோடும் தூங்கிப்போன குழந்தையோடும் இரவு பத்து மணிக்கு இதே வழியைத் திரும்பக் கடக்க வேண்டும்.

முதியவர்களோடு போகிறவர்கள் தயங்காமல் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து. ஃப்ளோரிடா வெயிலில் மதியம் அறைக்கு வந்து இரண்டு மணி நேரம் படுத்து எழுந்தால்தான் அவர்களுக்கு மாலைப் பொழுது மிஞ்சும். அதற்கு அறை பக்கத்தில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலி நுழையும் குளியலறை, பிடிமானக் கம்பி உள்ள அறைகளை வைத்திருப்பது அமெரிக்காவின் 1990-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி ஹோட்டலின் கடமை. அப்படிப்பட்ட அறைக்குக் கூடுதல் வாடகை கேட்கக் கூடாது. புக்கிங்கின்போதே கேட்டு வாங்கினால் அந்த அறையை உங்களுக்கென ஒதுக்கி வைக்க வேண்டும்.

யுனிவர்சலில் வேறு கணக்கு. போர்ட்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்று உயர் ஹோட்டல்களில் தங்கினால், அறையில் உள்ள அனைவருக்கும் வரிசையைத் தாண்டிச் செல்லும் எக்ஸ்பிரஸ் அனுமதி இலவசம். அறைக்கு வரும் நாள், காலி செய்யும் நாள் இரண்டிலும் செல்லும் என்பதால் ஓர் இரவு தங்கினாலே இரண்டு நாள் பயன் கிடைக்கிறது. எபிக் யுனிவர்ஸில் அது செல்லாது. நீண்ட பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்: பெரும்பாலான இரவுகளைச் சமையலறையுள்ள சாதாரண இடத்தில் கழித்துவிட்டு, அருகாமையும் சலுகையும் உண்மையிலேயே உதவும் ஓரிரு இரவை மட்டும் உயர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறையைச் சும்மா சொல்லவில்லை. டிஸ்னியின் குறைந்த விலைச் சாதாரண அறைகளில் சின்ன குளிர்பெட்டி உண்டு, மைக்ரோவேவ் கிடையாது. சமையலறை இல்லாத அறையில் குக்கர், மின் அடுப்பு வைப்பதைப் பெரும்பாலான ஹோட்டல்கள் தடை செய்கின்றன. பத்து நாளும் பர்கர் சாப்பிட முடியாத பெரியவர்கள் இருந்தால் சமையலறையுள்ள தொகுப்பறையோ வாடகை வீடோதான் நல்லது. பூங்காவுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக டிஸ்னி அனுமதிக்கிறது; கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடுபடுத்தத் தேவையில்லாததாக இருக்க வேண்டும். தயிர்சாதத்துக்குத் தடையில்லை.

இனி, பணம் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி. டிஸ்னியிடமே அறையை மட்டும் புக் செய்தால், வருவதற்கு ஐந்து நாள் முன்புவரை (இணையத்தில் என்றால் ஆறு நாள்) ரத்து செய்து முன்பணத்தை முழுதாகத் திரும்பப் பெறலாம். அறையும் சீட்டும் சேர்ந்த பேக்கேஜ் என்றால் 30 நாள். அதே அறையை வேறொரு தளத்தில் ‘திருப்பித் தரப்படாது’ என்ற மலிவு விலையில் வாங்கினால் இந்த உரிமை போய்விடும். பத்து இரவுக்கான தொகையைக் கட்டும் ஒருவர், விசாவோ உடல்நிலையோ மாறினால் மொத்தமும் போகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிஸ்ஸிமி பக்கத்து வாடகை வீடுகள் பெரிய குடும்பத்துக்கு மிக மலிவு. போலிகளும் அங்கே அதிகம். ஃப்ளோரிடாவில் சுற்றுலா வாடகை வீட்டுக்கு மாநிலத் தொழில் ஒழுங்குமுறைத் துறையின் உரிமம் வேண்டும். உரிம எண்ணை அத்துறையின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். ஹோட்டல்களின் ஆய்வறிக்கையும் அங்கேயே கிடைக்கும். வாடகை வீடுகளுக்கு அப்படிப்பட்ட வழக்கமான ஆய்வு கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால் தள்ளுபடி தருகிறேன் என்று உரிமையாளர் சொன்னால் அத்தோடு விலகிவிடுங்கள். வங்கி வழியே நேராக அனுப்பிய பணத்தை மீட்பது மிகக் கடினம்.

டிஸ்னியின் உயர் ஹோட்டல் அறையைக் குறைந்த விலையில் பெற இன்னொரு வழி, டிஸ்னி வெக்கேஷன் கிளப் உறுப்பினர் அறைக்காக வைத்திருக்கும் புள்ளிகளை வாடகைக்கு வாங்குவது. கணிசமாக மிச்சமாகும். ஆனால் ஒப்பந்தம் உங்களுக்கும் அந்த உறுப்பினருக்கும் இடையில்தான். புக்கிங்கை மாற்றவும் ரத்து செய்யவும் அவருக்குத்தான் அதிகாரம். பெரும்பாலும் பணம் திரும்பாது.

இன்டர்நேஷனல் டிரைவிலும் 192 நெடுஞ்சாலையிலும் ‘இலவச டிஸ்னி சீட்டு’, ‘மூன்று இரவு வெறும் 99 டாலர்’ போன்ற பலகைகளைப் பார்ப்பீர்கள். பின்னால் இருப்பது பெரும்பாலும் டைம்ஷேர், அதாவது விடுதியில் ஆண்டுதோறும் சில நாள் தங்கும் உரிமையின் விற்பனை. இரண்டு மணி நேரம் என்று அழைத்து அரை நாள் உட்காரவைத்து, பல்லாயிரம் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் மரியாதைக்காக எழுந்து போகத் தயங்குகிறார்கள். தாராளமாக எழுந்து போகலாம். கையெழுத்துப் போட்டுவிட்டாலும் வழி உண்டு: ஃப்ளோரிடா சட்டப்படி, கையெழுத்திட்ட நாள் அல்லது கடைசி ஆவணம் கைக்கு வந்த நாள், எது பிந்தையதோ அதிலிருந்து பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் பாதி உபயோகித்த பல நாள் சீட்டு விற்றால் வாங்காதீர்கள். பெயர் மாற்ற முடியாத அந்தச் சீட்டை விற்பது ஃப்ளோரிடாவில் குற்றம்; வாசலில் விரல் பதிவு பொருந்தாமல் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள்.

ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு உள்ள உரிமைகளையும் பார்த்துவிடுவோம். முன்பணம் கட்டி உறுதியான புக்கிங் இருந்தும் அறை இல்லை என்றால், அதே தரத்தில் வேறு இடம் தேடித் தர ஹோட்டல் முயல வேண்டும். முடியாவிட்டால் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மூட்டைப்பூச்சி இருந்தால் அந்த அறையைச் சுத்திகரிக்கும் பொறுப்பு அவர்களுடையது. பெட்டியைக் கட்டில் மேல் வைக்கும் முன் மெத்தை ஓரத்தைப் பாருங்கள், பூச்சியைப் படம் எடுங்கள், உடனே வேறு அறை கேளுங்கள். நகை விஷயத்தில் மட்டும் சட்டம் உங்களுக்கு அதிகம் உதவாது. ஹோட்டலின் கவனக்குறைவால் பொருள் போனது என்று நிரூபித்தாலும், பட்டியல் எழுதிக் கொடுக்காதபோது 500 டாலருக்கு மேல் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ரசீது வாங்கி ஒப்படைத்த விலையுயர்ந்த பொருளுக்கும் 1,000 டாலர்தான் வரம்பு. தாலிச் சங்கிலி தவிர மற்றவை வீட்டில் இருக்கட்டும்.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். வருவதற்கு ஏழு நாட்களுக்குள் ஆர்லாண்டோ பகுதிக்கோ நீங்கள் வசிக்கும் இடத்துக்கோ அமெரிக்கத் தேசியப் புயல் மையம் சூறாவளி எச்சரிக்கை விடுத்தால், டிஸ்னியிடம் நேரடியாகச் செய்த புக்கிங்கை டிஸ்னியின் அபராதமின்றி மாற்றலாம், ரத்தும் செய்யலாம். நெருக்கடி நிலை அறிவித்த பின் அறை வாடகையை அநியாயமாக ஏற்றினால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் புகார் எடுத்துக்கொள்ளும்.

பணம் கட்ட டெபிட் கார்டைத் தவிர்த்து கிரெடிட் கார்டையே பயன்படுத்துங்கள். பல ஹோட்டல்கள் முன்தொகை என்று கூடுதலாக ஒரு தொகையை முடக்கிவைக்கும். டெபிட் கார்டு என்றால் அது உங்கள் கணக்கிலுள்ள சொந்தப் பணம். தகராறு வந்தால் முதலில் ஹோட்டல் மேலாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள். சுகாதாரம், பாதுகாப்பு, புக்கிங் மறுப்பு என்றால் மேலே சொன்ன ஒழுங்குமுறைத் துறைக்குப் புகார் அனுப்பலாம். அமெரிக்க கிரெடிட் கார்டானால், தவறான தொகை முதன்முதலில் வந்த பில்லிலிருந்து 60 நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். இந்திய கார்டிலும் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 30 நாளில் பதிலில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இந்தியாவிலுள்ள சுற்றுலா நிறுவனம் மூலம் போனவர்கள் ஃப்ளோரிடாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். சொன்ன ஹோட்டல் ஒன்று, தந்தது வேறு என்றால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். தீரவில்லை என்றால், நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை ஹோட்டல் பெயர் அச்சிட்ட பயணத் திட்டம், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள்.