வளைவுகள் ஜாக்கிரதை!

நேர் ரோட்டில் வேகமாகப் போவதில் பெரிய சாமர்த்தியம் இல்லை சார். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எந்தக் காரும் பறக்கும். வளைவு வரும் பாருங்கள்... அங்கேதான் சாயம் வெளுக்கும்!

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருப்பீர்கள். டிரைவர் சடாரென்று இடது பக்கம் ஒடித்தால், வலது பக்கத்து ஆசாமி மேல் போய் விழுகிறோம். (அவர் முறைப்பது தனிக் கதை!) காருக்கும் அதே கதிதான். வளைவில் எடையில் பெரும்பகுதி வெளிப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. ரோட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதோ டயருக்கு ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான். நாலு உள்ளங்கை... அதில்தான் உயிரே இருக்கிறது!

இந்தப் பிடிப்புக்காகவே அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கைக்காசைக் கரைக்கிற ஒரு கூட்டம் உண்டு. அவர்களுடைய செல்லப்பிள்ளை, 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்.எக்ஸ்-5. இரண்டே ஸீட், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. 2016-ல் பத்து லட்சமாவது வண்டி தயாரானது.

சரி, எதை முதலில் மாற்றுவது?

முதலில் டயர். இந்தக் காரின் முதல் தலைமுறைக்கு 14 அங்குலச் சக்கரம், 185/60 டயர். விஷயம் தெரிந்தவர்கள் 15 அங்குலத்தில் 195/50 போடுவார்கள். அகலம் கூடுகிறது; பக்கச்சுவர் குள்ளமாவதால் வளைவில் துவளாது. மொத்த விட்டம் 578-லிருந்து 576 மில்லிமீட்டர்தான் ஆகிறது என்பதால் ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லாது! ஸ்டைலுக்காக 17 அங்குலம் மாட்டினால் எடைதான் ஏறும். கனமான சக்கரம் மேடு பள்ளத்தில் சொன்னபடி கேட்காது.

அடுத்தது ஷாக் அப்ஸார்பர். வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். அது குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது இவர். ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக்கிவிட்டு பழைய ஷாக் அப்ஸார்பரை விட்டுவைத்தால், வண்டி தவளை மாதிரி தத்தும். டயர் தரையில் இருந்தால்தானே பிடிப்பு?

மூன்றாவது, ஆன்ட்டி-ரோல் பார். இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி. முன்னால் ரொம்பத் தடிமனாகப் போட்டால் கார் திரும்ப அடம்பிடிக்கும். பின்னால் போட்டால், பின்பக்கம் முந்திக்கொண்டு வந்து உங்களுக்கே டாட்டா காட்டும்!

கடைசியாக வீல் அலைன்மென்ட். சக்கரத்தின் மேல்பக்கம் ஒன்று, ஒன்றரை டிகிரி உள்ளே சாய்ந்திருந்தால், வளைவில் டயர் முழு அகலத்துக்கும் தரையில் படியும். செலவு கொஞ்சம், பலன் அதிகம்.

ஒரு தப்பை மட்டும் செய்யாதீர்கள். அழகுக்காக வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினால், ஸ்பிரிங் அமுங்க இடமில்லாமல் சஸ்பென்ஷன் ரப்பர் தடுப்பில் 'டொம்'மென்று இடிக்கும். பாதி வளைவில் இது நடந்தால்... பிடிப்பு அம்பேல்!

படித்துவிட்டு ஸ்பானரைத் தேடும் இளைஞர்களே, ஒரு நிமிஷம்! கம்பெனி கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் நம் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

இன்னொரு கணக்கும் கேளுங்கள். இத்தனை செலவும் சேர்ந்து பிடிப்பை ஐந்தில் ஒரு பங்கு கூட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டரில் திரும்பிய வளைவை இனி 66-ல் திரும்பலாம். அவ்வளவேதான்! நீங்கள் 85-ல் போனால்? அதற்கு இரண்டு மடங்கு பிடிப்பு வேண்டும். எந்தக் கடையிலும் அது கிடைக்காது.

வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை மிதிப்பதற்கு மட்டும் பைசா செலவில்லை!