கேமராவும் ஒரு கடிகாரம்தான்

திருவிழாக் கடைகளில் வானவில் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பிரிங் விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். மாடிப்படியில் வைத்துத் தள்ளிவிட்டால் தானாகவே குட்டிக்கரணம் போட்டு இறங்குமே, அதேதான். அதன் மேல் நுனியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தொங்கவிடுங்கள். ஆட்டம் நின்றதும் கையை விட்டுவிடுங்கள். இப்போது கேள்வி: முதலில் கீழே இறங்குவது எது? மேல் நுனியா, கீழ் நுனியா, முழு ஸ்பிரிங்கும் ஒன்றாகவா?

வகுப்பில் கேட்டுப் பாருங்கள், மூன்று பதிலுக்கும் ஆள் இருக்கும். கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இமைப்பதற்குள் ஸ்பிரிங் தரையில் கிடக்கும். அதனால் செல்போனில் ஸ்லோ மோஷனைப் போட்டுப் படம் எடுங்கள். ஓட்டிப் பார்த்தால் நம்பவே முடியாது. மேல் நுனி சரசரவென்று இறங்கி வருகிறது. கீழ் நுனியோ அந்தரத்தில் அப்படியே நிற்கிறது! மேலேயிருந்து சுருள்கள் வந்து இடிக்கும்வரை அது அசைவதே இல்லை.

ஏன்? கடைசிச் சுருளைப் பூமி கீழே இழுக்கிறது. அதற்கு மேலே உள்ள சுருள் அதே அளவு விசையோடு மேலே இழுக்கிறது. இரண்டும் சமமாக இருப்பதால்தான் அது சும்மா தொங்குகிறது. நீங்கள் கையை விட்ட சேதி ஒவ்வொரு சுருளாகக் கடந்து கீழே வந்து சேர வேண்டும். அது வரும்வரை கடைசிச் சுருளைப் பொறுத்தவரை எதுவுமே மாறவில்லை. விசை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக நேரம் ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் காட்டாது.

கண்ணுக்குச் சிக்காததைக் கேமராவால் பிடிக்கும் வேலை பழையதுதான். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழும்புமா என்று ஒரு கேள்வி இருந்தது. 1878இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதை ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே நூல் கட்டினார். குதிரை ஒவ்வொரு நூலாக அறுத்துக்கொண்டு ஓட, ஒவ்வொரு கேமராவாகப் படம் எடுத்தது. கால்கள் எழும்பத்தான் செய்தன. ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல் முன்னும் பின்னும் நீட்டியபடி அல்ல, வயிற்றுக்கு அடியில் மடங்கியிருந்த கணத்தில்!

அவருக்கு 12 கேமரா தேவைப்பட்டது. உங்கள் வீட்டுப் போன் சாதாரணமாகவே வினாடிக்கு 30 படம் எடுக்கிறது. ஒவ்வொரு படத்தையும் பிரேம் என்பார்கள். அப்படியென்றால் ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் நடுவே வினாடியில் 30இல் ஒரு பங்கு. மூன்று பிரேம் நகர்ந்தால் 0.1 வினாடி. ஆக, கேமரா படம் பிடிக்கும்போதே நேரத்தையும் அளந்து வைக்கிறது.

இதை வைத்து ஒரு பெரிய விஞ்ஞானியின் சோதனையை நீங்களே செய்யலாம். தையல்காரர் டேப் ஒன்றைச் சுவரில் நேராக ஒட்டுங்கள். பூஜ்யம் மேலே இருக்கட்டும். நண்பர் ஒருவர் பூஜ்யத்துக்கு நேராகப் பந்தைப் பிடித்து, டேப்பை ஒட்டினாற்போல விழ விட வேண்டும். தள்ளக் கூடாது, வெறுமனே விட வேண்டும். போனைக் கையில் பிடிக்காதீர்கள். நாற்காலிமேல் புத்தகங்களை அடுக்கி, அதில் சாய்த்து வையுங்கள். நல்ல வெயில் வெளிச்சம் வேண்டும். இருட்டறையில் எடுத்தால் பந்து வட்டமாகத் தெரியாது, நீளமான கறையாகத் தெரியும்.

பிறகு படத்தை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, மூன்று பிரேமுக்கு ஒரு முறை பந்து எந்த எண்ணுக்கு நேராக இருக்கிறது என்று எழுதுங்கள். ஏறக்குறைய 5, 20, 44, 78, 122 சென்டிமீட்டர் என்று வரும். பந்தை விட்ட கணம் இரண்டு பிரேமுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் எண்கள் கொஞ்சம் பிசகும், கவலை வேண்டாம். அடுத்தடுத்த எண்களைக் கழியுங்கள்: 5, 15, 24, 34, 44. இவற்றை முதல் எண்ணான 5ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1, 3, 5, 7, 9. ஒற்றைப்படை எண்கள் வரிசை கட்டி நிற்கின்றன!

இந்த ஒழுங்கைக் கண்டுபிடித்தவர் இத்தாலியின் கலிலியோ. அவரிடம் வினாடியைக் காட்டும் கடிகாரமே கிடையாது. பந்து வேகமாக விழுந்துவிடுகிறதே என்று அதைச் சாய்வான பலகையில் உருட்டினார். ஒரு துளை வழியே ஒழுகிய தண்ணீரைப் பிடித்து எடை போட்டு நேரத்தைக் கணக்கிட்டார். 1638இல் புத்தகமாக வெளியிட்டார். நமக்கு ஒரு மதிய இடைவேளை போதும். கொஞ்சம் பொறாமைப்பட்டிருப்பார் பாவம்.

மெதுவாக நடப்பதையும் கேமரா பிடிக்கும். ஜெர்மனியில் லைப்சிக் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் வில்ஹெல்ம் பெஃபர் 1898க்கும் 1900க்கும் இடையே செடிகளின் அசைவை இடைவெளி விட்டுவிட்டுப் படம் எடுத்தார். அவர் எடுத்த செடிகளில் நம் தொட்டாற்சிணுங்கியும் உண்டு. நீங்கள் பச்சைப்பயற்றில் தொடங்கலாம். ஈரப் பஞ்சில் பயற்றை வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும்படி போனில் அமைத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 144 படம், மூன்று நாளில் 432. வினாடிக்கு 24 படமாக ஓட்டினால் மூன்று நாள் 18 வினாடியில் முடிந்துவிடும். ஒரே விளக்கு இரவும் பகலும் எரிய வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் படம் கறுப்பாகத்தான் இருக்கும். மூன்று நாளுக்குப் போனை யார் தருவார் என்பதுதான் கஷ்டமான பகுதி. பள்ளியில் பழைய போன் ஏதாவது இருக்கிறதா என்று ஆசிரியரைக் கேளுங்கள்.

கேமராவால் நேரடியாக எடுக்க முடியாததை என்ன செய்வது? செல் பிரிவதைப் பாடத்தில் நான்கைந்து படங்களாகப் போட்டிருப்பார்கள். நூல் துண்டுகளைக் குரோமோசோம்களாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுங்கள். வினாடிக்கு 12 படம் என்றால் பத்து வினாடிப் படத்துக்கு 120 தடவை நகர்த்த வேண்டும். அப்போதுதான் சிக்கல் தெரியும். புத்தகத்தில் முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? நூல்கள் இரட்டிப்பானது எப்போது? நடுவில் வரிசையாக நின்ற பிறகுதானே பிரிந்து எதிரெதிர்ப் பக்கம் போகின்றன? தெரியாமல் ஒரு நூலைக்கூட நகர்த்த முடியாது. மனப்பாடம் செய்தவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

அறிவியல் படம் என்றதும் சிலர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கேமராமுன் நின்று பாடத்தை ஒப்பிக்கிறார்கள். பின்னணி இசைவேறு. என்னைக் கேட்டால் அதற்கு மார்க் கொடுக்க மாட்டேன். கேமரா எதையும் கண்டுபிடிக்கவில்லையே!

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். 1971 ஆகஸ்ட் 2 அன்று, அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் நின்றுகொண்டு ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் விட்டார். அங்கே காற்று இல்லாததால் இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. அந்தப் படம் இணையத்தில் இருக்கிறது. சுத்தியல் ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். விழ எவ்வளவு நேரம் ஆனது என்று பிரேம்களை எண்ணிப் பாருங்கள். உயரத்தை இரண்டால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் நிலவின் ஈர்ப்பு முடுக்கம் கிடைக்கும். பூமிக்கு அது 9.8. நிலவுக்கு அதில் ஆறில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்தால், நீங்கள் சரியாக எண்ணியிருக்கிறீர்கள்.