பதினாறு மோட்டார், ஒரே போர்டு: கருகாமலும் ஏமாறாமலும் இருக்க

மைசூர் பக்கம் சுத்தூர் மடத்தில் ‘சிவா’ என்ற இயந்திர யானை இருக்கிறது. மின்மோட்டாரில் அதன் காதும் துதிக்கையும் அசைவதைப் பார்த்த மாணவர்களுக்கு, மேசையளவில் அப்படியொன்றைச் செய்யும் ஆசை வருவது இயல்பு. சின்ன சர்வோ மோட்டார்கள், அவற்றை இயக்கும் புரோகிராமுக்கு ஒரு ஆர்டுயினோ, நடுவில் ஒரு டிரைவர் போர்டு இருந்தால் போதும். பரவலாகக் கிடைப்பது பிசிஏ9685 சில்லு பொருத்திய போர்டு. ஆர்டுயினோவிலிருந்து இரண்டே சிக்னல் ஒயர். 16 மோட்டார்களுக்கும் 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை போகவேண்டிய துடிப்பை அந்தப் போர்டே அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஆனால் போர்டு பகிர்ந்து கொடுப்பது கட்டளையை மட்டும்தான். மின்சாரத்துக்கு வழி நாம்தான் செய்யவேண்டும். எம்ஜி996ஆர் வகை மோட்டார் ஒன்று பாரம் தாங்காமல் நின்றுவிட்டால் 2.5 ஆம்பியர் வரை இழுக்கும். பதினாறும் ஒன்றாகச் சிக்கினால் 40 ஆம்பியர். கம்ப்யூட்டரின் சாதாரண யுஎஸ்பி தருவதோ அரை ஆம்பியர். மோட்டார் நடுங்குவதும் ஆர்டுயினோ தானாக ரீசெட் ஆவதும் பெரும்பாலும் இதனால்தான். புரோகிராமை இரவெல்லாம் திருத்திப் பயனில்லை. அந்த 40 ஆம்பியரைப் போர்டின் மெல்லிய செம்புத் தடமும் தாங்காது, கருகிவிடும். பெரிய மோட்டார்களுக்குத் தடித்த ஒயரில் நேரடியாகவே பவர் கொடுங்கள், நான்கைந்துக்கு ஒரு ஃப்யூஸ் வையுங்கள். கிரவுண்ட் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

போர்டில் விசிசி, வி பிளஸ் என்று இரண்டு முனைகள் இருக்கும். முதலாவது சில்லுக்கு, இரண்டாவது மோட்டாருக்கு. மோட்டாரின் 6 வோல்ட்டை விசிசியில் கொடுத்தால் சில்லு போய்விடக்கூடும். ஆர்டுயினோவுக்குப் பதில் இஎஸ்பி32 வைத்திருப்பவர்கள் விசிசிக்கு 3.3 வோல்ட்தான் கொடுக்கவேண்டும்.

உயிருக்கு ஆபத்து 230 வோல்ட் பக்கம் இருக்கிறது. உலோகப் பெட்டி பவர் சப்ளைகளில் மெயின் ஒயர் திருகும் முனைகள் கைக்கு எட்டும்படி இருக்கும். கண்காட்சியில் குழந்தைகள் தொட்டுப் பார்க்கவே வருவார்கள். மூடி போடாமலும் எர்த் கொடுக்காமலும் அதை மேசைமேல் வைக்கக்கூடாது. பேட்டரியில் வேறு ஆபத்து. 18650 என்ற லித்தியம் செல்லில் 9900 மில்லி ஆம்பியர்-ஹவர் என்று அச்சிட்டு விற்கிறார்கள். நல்ல செல்லே 3500 அளவில்தான் நிற்கும். அப்படி அச்சிட்டிருப்பது அப்பட்டமான பொய். தரமற்ற செல் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். லித்தியம் செல்லுக்கு ஐ.எஸ். 16046 தரப்படி பிஐஎஸ் பதிவு கட்டாயம். அந்தப் பதிவு எண் இல்லாததை வாங்காதீர்கள்.

ஏமாந்தவர்கள் ‘சில நூறு ரூபாய்தானே’ என்று விட்டுவிடுவதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளுக்கு மாற்றோ பணமோ கேட்கலாம். அதனால் காயமோ சேதமோ ஏற்பட்டால் தயாரித்தவர், விற்றவர் மீது இழப்பீடு கோரலாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். தீரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கவேண்டும். ஈரோட்டிலிருந்து மைசூருக்கு வந்து படிப்பவர், தான் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம்.

மறுவிற்பனைக்கு வாங்கியவருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. மற்றவர்கள் பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். பார்சல் பிரிப்பதை போனில் வீடியோ எடுத்து, அந்த பில்லோடு சேர்த்து வையுங்கள்.